அமெரிக்கக் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் விட்டு கான்ஃபரன்ஸ் தாவுவதைத் தடுக்க வழியே இல்லையா?

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடி, டிவி பணத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டணி. தாவுவதை முழுசாகத் தடுக்க முடியாது. தள்ளிப்போடலாம், போகிறவனுக்குச் செலவை ஏற்றலாம். எத்தனை வருடம் தள்ளிப்போடலாம் என்பது டிவி உரிமைப் பத்திரம் என்றைக்கு முடிகிறது என்பதைப் பொறுத்தது.

2023 ஆகஸ்ட் 4 அன்று நான் ஒரிகன் மாநிலத்துக் கார்வாலிஸில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஊர். அமெரிக்கன் ஃபுட்பால் விதிகள் எனக்குப் பாதிகூடத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை ஆட்டம் என்றால் காய்கறி வாங்க வரும் பாட்டிகூட ஆரஞ்சுச் சட்டையில்தான் வருவார். அன்று காலை, ஒரிகன் ஸ்டேட் இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸின் கல்லூரித் தலைவர்கள் கூடி, ஆப்பிளுடன் ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்குச் சரி சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. ராத்திரிக்குள் ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 கான்ஃபரன்ஸுக்கு என்று முடிந்துவிட்டது. லேபில் கூட இருந்தவன் போனைப் பார்த்தபடியே காபியை ஆறவிட்டான். அவனுக்கு வலித்தது ஒரிகன் போனதுதான். ஒரு மணி நேரத் தூரத்தில் யூஜீனில் இருக்கும் பங்காளி அது. 1894-இலிருந்து இரண்டு கல்லூரிகளும் மோதி வருகின்றன.

ஏன் இவ்வளவு சுலபமாகப் போக முடிந்தது? பேக்-12-இன் டிவி ஒப்பந்தம் 2024-இல் முடிகிற கட்டம். விலகினால் இவ்வளவு கட்டு என்று தனிக் கட்டணமும் கிடையாது. பேக்-12-இல் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2022 ஜூன் 30 அன்றே கிளம்புவதாகச் சொல்லிவிட்டன. அதன்பிறகாவது மற்றவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் பிக் 12 வரிசையில் முந்திக்கொண்டு, 2022 அக்டோபரிலேயே ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் என்ற இரண்டு டிவி நிறுவனங்களுடனும் சுமார் 228 கோடி டாலருக்கு முடித்துவிட்டது.

கட்டிப்போடும் கயிற்றுக்குப் பெயர் 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்'. நிலப் பத்திரத்தைச் சங்கத்தில் கொடுத்து வைப்பது மாதிரி. கல்லூரி தன் சொந்த மைதானத்து ஆட்டங்களின் டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடும். இடையில் வெளியேறினால் ஆள் போகலாம், உரிமை வராது. டிவி உரிமை இல்லாத கல்லூரியை யார் சேர்த்துக்கொள்வார்கள்? டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு ஒரே ஒரு வருடம் முன்கூட்டிப் போக, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன.

கயிறு ரொம்ப நீளமானாலும் வம்புதான். ஏசிசி, அதாவது 'அட்லாண்டிக் கரை' கான்ஃபரன்ஸ், 2036 வரை எழுதி வாங்கி வைத்திருந்தது. எஸ்இசி, பிக் டென் கான்ஃபரன்ஸ்களின் கல்லூரிகள் வருடத்துக்குப் பல கோடி டாலர் அதிகம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு அதுவரை ஏசிசியின் புளோரிடா ஸ்டேட் சும்மா இருக்குமா? 2023 டிசம்பரில் கோர்ட்டுக்குப் போனது. வெளியேற 57 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இன்னொரு ஏசிசி கல்லூரியான கிளம்சனும் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் சமரசம்: டிவி பணத்தில் 60 சதவீதம் யார் ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அதன்படி, மீதி சமபங்கு. விலகும் கட்டணம் 16.5 கோடியில் தொடங்கி வருடாவருடம் குறைந்து 2030-31-இல் 7.5 கோடிக்கு வரும். கட்டியவர் உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். சிறிய கல்லூரிகளுக்கு இது கசக்கும். ஆனால் பெரியவர்களை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு கூத்து: பசிபிக் கரை ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது 'அட்லாண்டிக் கரை' கான்ஃபரன்ஸில்.

சரி, கார்வாலிஸுக்கு என்ன ஆனது? மிஞ்சியது ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். கோர்ட்டுக்குப் போய் பேக்-12-இன் நிர்வாகத்தையும் சொத்தையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆட எதிரணி வேண்டுமே, மௌண்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸ் கைகொடுத்தது. 'எங்கள் ஆட்களை இழுத்தால் அபராதம்' என்றும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. 2024 செப்டம்பரில் போய்சி ஸ்டேட் உட்பட ஐந்து கல்லூரிகளை அங்கிருந்தே இழுத்துக்கொண்டு, அந்த அபராதம் சட்டப்படி செல்லாது என்று வழக்கும் போட்டது நம்ம பேக்-12. மௌண்டன் வெஸ்ட் மிச்சமிருந்தவர்களுக்குக் கையில் காசு தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தது.

அதே செப்டம்பரில் யூஜீன்காரர்கள் கார்வாலிஸுக்கு வந்தார்கள். வழக்கமாக நவம்பர் கடைசிக் குளிரில் நடக்கிற ஆட்டம். 49-14 என்று அடித்துவிட்டுப் போனார்கள்.