8 வயதில் கீழ்ப்பல் முன்னால் நிற்கிறது. எல்லாப் பால் பல்லும் விழட்டும் என்று காத்திருக்கலாமா?

பல் வரிசை மட்டும் கோணலாக இருந்தால் தாராளமாகக் காத்திருக்கலாம். உங்கள் மகளுக்கு இருப்பது வேறு. கீழ் முன்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே கடிக்கின்றன என்கிறீர்கள். அது மேல்தாடை பின்தங்கியதால் என்றால், அந்த எலும்பை முன்னுக்கு இழுக்க ஏற்ற காலம் 10 வயதுக்குள்தான். கடைசிப் பால் பல் விழ 12 ஆகிவிடும்.

தாடையா, பல்லா என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை. நாக்கு நுனியை அண்ணத்தில் முடிந்த அளவு பின்னால் தொடவைத்து, அப்படியே மெல்ல வாயை மூடச் சொல்லுங்கள். முன்பற்கள் முதலில் நுனியோடு நுனி முட்டி, பிறகு கீழ்த்தாடை முன்னால் சறுக்கி மூடினால் பாதிப் பிரச்சினை சறுக்கல்தான். ஸ்பிரிங் வைத்த கழற்றி மாட்டும் பிளேட் மேல்பற்களைச் சில மாதங்களில் வெளியே தள்ளிவிடும். அந்த பிளேட் கடைவாய்ப் பற்களையும் மூடிக் கடியைச் சற்று உயர்த்த வேண்டும். இல்லையென்றால் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டவே வழியிருக்காது. பிள்ளை கடிக்கும்போதெல்லாம் பல் பழைய இடத்துக்கே திரும்பும்.

நுனியோடு நுனி முட்டவே இல்லை, கன்னமும் மூக்கோரமும் தட்டையாக இருக்கிறது என்றால், முகத்துக்கு வெளியே மாட்டி மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் ஃபேஸ்மாஸ்க். மேல்தாடை குறுகலாகவும் இருந்தால் முதலில் அண்ணத்தில், அதை அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டர் ஒட்டுவார்கள். நடுவிலுள்ள ஸ்க்ரூவை நீங்கள்தான் சாவியால் திருப்ப வேண்டும். ஒரு கால் சுற்றுக்கு 0.2 முதல் 0.25 மி.மீ. விரியும். சாவியை முன் ஓட்டையில் விட்டு, தொண்டைப் பக்கமாக, அடுத்த ஓட்டை முழுசாகத் தெரியும்வரை தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் மறுநாள் சாவி நுழையாது. சாவியில் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், பிள்ளை விழுங்கிவிடக் கூடாது. சில நாளில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பதறி ஸ்க்ரூவைத் திருப்பாமல் விடாதீர்கள். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பிறகு தானாக மூடிக்கொள்ளும்.

மாஸ்க் நெற்றியிலும் தாடையிலும் அணைந்து நிற்கும். இழுக்கும் எலாஸ்டிக், வாய்க்குள் மேல் கோரைப்பல் பக்கத்துக் கொக்கியிலிருந்து சுமார் 30 டிகிரி கீழ்நோக்கி முன்னால் வர வேண்டும். நேராக இழுத்தால் முன்கடி திறந்துகொள்ளும். பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் விசை; முதல் சில நாள் அதைவிடக் குறைவு. தினம் 12 முதல் 14 மணி நேரம், அதாவது பள்ளி விட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலைவரை. தூங்கும்போது மட்டும் மாட்டினால் கணக்கு வராது. வெயில் காலத்தில் தாடைத் தோல் சிவக்கும், உள்ளே பருத்தித் துணி வையுங்கள். எக்ஸ்பாண்டர் ஒரு பக்கம் ஆடினால் எலாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு உடனே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். மாஸ்க் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் ஆகும். கடி சரியானதோடு நிறுத்தாமல், மேல்பல் 3, 4 மி.மீ. முன்னால் நிற்கும்வரை இழுப்பது நல்லது, வளர வளரக் கொஞ்சம் திரும்பும்.

‘காசு பிடுங்க வழி சொல்கிறார்’ என்று கமெண்ட் வரும், தெரியும். இது போட்டால் பின்னால் ஆபரேஷனே வராது என்று நான் சொல்லவில்லை. 2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 10 வயதுக்குள் மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு, 6 ஆண்டு கழித்தும் தாடை அறுவை தேவை என்று மதிப்பிட்டார்கள். போடாதவர்களில் அது 66 சதவீதம். வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ நீண்ட கீழ்த்தாடை இருந்தால் எதிர்பார்ப்பை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். பருவ வயதில் கீழ்த்தாடை பாய்ந்து வளர்ந்தால், வளர்ச்சி நின்றபின் அறுவைதான். செலவு கவலையென்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் பல் சீரமைப்பு (ஆர்த்தோ) பிரிவில் கேளுங்கள்.

கேட்காத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாடையை அளக்க எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயை, லைட் பாக்ஸில் மாட்டி ஃபோனில் எடுத்த வாட்ஸ்அப் படமாக அனுப்பும் சென்டர்களை என்ன செய்வது? சாய்ந்த படத்தில் கோணத்தையும் மி.மீ.யையும் எப்படி அளப்பது? பணம் கட்டும்போதே ஃபிலிமோ, அளவுகோல் பதிந்த அசல் ஃபைலோ கேட்டு வாங்குங்கள். அடுத்த படத்தையும் அதே மெஷினில் எடுங்கள்.