உயிரோடு இருந்தவருக்குத் திவசம்

கேள்வி: 1942இல் வந்த 'வேக் ஐலண்ட்' என்ற பழைய அமெரிக்கப் படத்தை மகனோடு பார்த்தேன். ஒரு பொட்டல் தீவில் ஒரு கைப்பிடி வீரர்கள் பெரும்படையை எதிர்த்துக் கடைசிவரை சண்டை போட்டு மடிகிறார்கள். மெய்சிலிர்த்துவிட்டது. ஆனால் நிஜத்தில் அவர்கள் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைந்தார்கள் என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் இந்தக் கோழைகளுக்கு எதற்கு ஒரு படம்?
(பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்: நண்பர் சொன்னது சரி. நீங்கள் சொல்வதுதான் சரியில்லை.

அன்று நடந்ததைக் கேளுங்கள். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய சில மணி நேரத்தில், பசிபிக் கடல் நடுவே அமெரிக்கர்கள் வைத்திருந்த வேக் தீவின் மீதும் குண்டு விழுந்தது. அங்கே இருந்த போர் விமானங்கள் மொத்தம் 12. அதில் 7 முதல் நாளே தரையில் நின்றபடி எரிந்து போயின. மரைன்கள், அதாவது கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டை போடும் வீரர்கள், 449 பேர். ராடார் கிடையாது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானியக் கப்பல்கள் படையை இறக்க வந்தன. மரைன்களின் தலைவர் மேஜர் டெவரோ கப்பல்கள் கிட்டே வரும்வரை சுட விடவில்லை. வந்ததும் கரைப் பீரங்கிகள் பேசின. ஹயாட்டே என்ற நாசகாரிக் கப்பல் முழுகியது. மிச்சமிருந்த விமானங்கள் துரத்திப் போய் கிசாரகி என்ற இன்னொரு கப்பலையும் மூழ்கடித்தன. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இவர்கள் கோழைகளா?

டிசம்பர் 23 விடியும் முன் ஜப்பானியர்கள் அதிகப் படையோடு மறுபடி வந்தார்கள். உதவிக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்களை மேலிடம் திருப்பி அழைத்துக்கொண்டது. தீவின் தளபதி, கடற்படையைச் சேர்ந்த கன்னிங்ஹாம், சரணடைய முடிவெடுத்தார். டெவரோவோடு ஒரு சார்ஜண்ட், தரை துடைக்கும் கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிலையாக நடந்து போய்ச் சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். இதில் எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. பக்கத்துத் திட்டான வில்க்ஸில் இறங்கிய சுமார் நூறு ஜப்பானியரை அங்கிருந்த மரைன்கள் ஏறக்குறைய முழுசாகவே முடித்துவிட்டிருந்தார்கள். தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டதால் அந்தச் செய்தி தலைமைக்கு எட்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நிற்கிறவர்களிடம் போய், 'துப்பாக்கியைக் கீழே போடுங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் காட்சி படத்தில் இல்லை. இருந்திருந்தால் உலகின் மிகச் சிறந்த போர்ப்படங்களில் ஒன்றாகியிருக்கும்.

சண்டை முடிந்து ஒன்பது மாதத்துக்குள் பாரமவுண்ட் படத்தைக் கொண்டுவந்துவிட்டது. கலிபோர்னியாவின் சால்ட்டன் ஏரிக்கரையைத் தீவாக்கி எடுத்தார்கள். ஜான் ஃபாரோ இயக்கம் நன்றாகவே இருக்கும், சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. அது வேறு விஷயம். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வேண்டிய வருஷம் அது, சரணடைவதைக் காட்ட மனம் வராதுதான். ஆனால் அதற்காக என்ன செய்தார்கள் பாருங்கள்: கடற்படைத் தளபதியைப் படத்தின் நடுவிலேயே சாகடித்துவிட்டு, தீவு முழுவதையும் மரைன் மேஜரின் கையில் கொடுத்துவிட்டார்கள். நிஜக் கன்னிங்ஹாம் அப்போது ஜப்பானியரின் கைதி. உயிரோடு இருக்கிற மனிதனுக்குத் திவசம் கொடுப்பது என்றால் இதுதான். போர் முடிந்து ஊர் திரும்பியபோது வேக் என்றாலே டெவரோ என்றாகியிருந்தது. தானும் அங்கே இருந்தேன் என்று சொல்ல கன்னிங்ஹாம் 1961இல் ஒரு புத்தகமே எழுத வேண்டி வந்தது.

அதற்காக டெவரோ அந்தப் புகழில் குளிர்காய்ந்தார் என்று நினைக்காதீர்கள். 'இன்னும் ஜப்பானியரை அனுப்புங்கள்' என்று தீவிலிருந்து வீரச் செய்தி வந்ததாக அன்றைய பத்திரிகைகள் கொண்டாடின. அப்படி ஒரு செய்தியை அனுப்பவே இல்லை, இருந்தவர்களையே எங்களால் சமாளிக்க முடியவில்லை என்கிற ரீதியில்தான் அவர் பிறகு பேசினார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தீவில் வீரர்களைவிடத் தொழிலாளிகள்தான் அதிகம். விமானத்தளம் கட்ட வந்த ஒப்பந்தக் கூலிகள், ஏறத்தாழ 1,100 பேர். பலர் குண்டு சுமந்தார்கள், சிலர் பீரங்கியருகே நின்று செத்தார்கள். படத்தில் அத்தனை பேருக்கும் பதிலாக ஒரு முரட்டு ஒப்பந்தக்காரர் வருகிறார். கடைசியில் மேஜரோடு ஒரே குழியில் உட்கார்ந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அவ்வளவுதான் அவர்கள் பங்கு.

நீங்கள் ஆசைப்பட்டபடி கடைசி ஆள்வரை சண்டை போட்டிருந்தால் இவர்களும் சேர்ந்துதான் செத்திருப்பார்கள். சரணடைந்ததால் பெரும்பாலோர் பிழைத்தார்கள், எல்லோரும் இல்லை. வேலை வாங்குவதற்காக 98 தொழிலாளிகளை ஜப்பானியர்கள் தீவிலேயே வைத்திருந்தார்கள். 1943 அக்டோபர் 7 அன்று, அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு அடுத்து, சகாய்பாரா என்ற ஜப்பானியத் தளபதியின் உத்தரவில் அவர்களைக் கொன்றார்கள். ஒருவர் மட்டும் தப்பி, ஒரு பவளப்பாறையில் 98 என்ற எண்ணைச் செதுக்கிவிட்டுப் போனார். அவரையும் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். பெயர் இன்றுவரை தெரியாது. சகாய்பாராவை 1947இல் குவாமில் தூக்கிலிட்டார்கள். பாறை இன்னும் அங்கேயே இருக்கிறது.

மகனுக்கு வில்க்ஸ் கதையையும் சொல்லுங்கள். அந்த வெள்ளைத் துணிக்காரரின் இடத்தில் அவன் இருந்தால் எப்படி நடந்து போவான் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள், இந்த முறை பெயரோடு.