பாஸ்க் மொழி நமக்குச் சொந்தமா?

கேள்வி: "ஐரோப்பாவில் பாஸ்க் என்று ஒரு மொழி இருக்கிறது, அது தமிழிலிருந்து பிரிந்தது, அவர்கள் ரத்தமே வேறு" என்று எங்கள் சொசைட்டி வாட்ஸப் குழுவில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. உண்மையா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: எனக்கும் வந்தது, மூன்று பேரிடமிருந்து. பாஸ்க் மொழி ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலையின் மேற்கு ஓரத்தில் இருப்பது நிஜம். எந்த மொழியோடும் அதற்கு உறவு நிரூபணமாகவில்லை, தனிக்கட்டை. பிரான்சின் தென்மேற்கில் கிடைத்த ரோமானியர் காலக் கல்வெட்டுகளில் 'நெஸ்கட்டோ', 'கிசோன்' என்று ஆட்பெயர்கள் வருகின்றன. இன்றைய பாஸ்க்கில் நெஸ்கா என்றால் பெண், கிசோன் என்றால் ஆண். ஆக, 2,000 வருடமாக அந்த வட்டாரத்திலேயே இருக்கிற மொழி.

தமிழ்க் காதுக்கு ஆசை வருவதில் தப்பில்லை. எச்சே என்றால் வீடு, எச்சேரா வீட்டுக்கு, எச்சேதிக் வீட்டிலிருந்து, நம்மைப் போலவே சொல்லின் கடைசியில் ஒட்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, ரகரத்தில் சொல் தொடங்காது என்பதால் ரோம் அங்கே 'எர்ரோமா', நாம் உரோமாபுரி என்று எழுதிய மாதிரியே! ஆனால் துருக்கியிலும் ஜப்பானிய மொழியிலும் இதே ஒட்டுகள் உண்டு, அவற்றின் சொந்தச் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. சொந்தம் என்றால் பால்–ஹாலு, புலி–ஹுலி, பத்து–ஹத்து என்று தமிழும் கன்னடமும் வரிசையாக ஒத்துப்போகிறதே, அந்த மாதிரி வேண்டும். பாஸ்க்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது பாட், பி, ஹிரு. எங்கே ஒட்ட வைப்பது?

ரத்தத்துக்கு வருவோம். பாஸ்க் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆர்ஹெச் நெகட்டிவ், அதை வைத்தே அவர்களைக் கற்கால வேட்டைக்காரர்களின் கலப்பில்லாத வாரிசு என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஸ்பெயினின் அட்டபுவெர்க்கா பகுதிக் குகை எலும்புகளின் மரபணுவைப் படித்த 2015 ஆய்வு அதைக் கவிழ்த்தது: நெருக்கம் ஆதி விவசாயிகளோடு, அதாவது துருக்கிப் பக்கமிருந்து வந்து உள்ளூர் வேட்டைக்காரர்களோடு கலந்தவர்களோடு. அப்புறம் 2019 ஆய்வு இன்னொன்று சொன்னது. சுமார் 4,000 வருடங்களுக்கு முன் ரஷ்யப் புல்வெளி வம்சாவளியினர் ஸ்பெயின் பக்கம் வந்து, அங்கிருந்த ஆண்வழி மரபை ஏறக்குறைய முழுசாகவே மாற்றிவிட்டார்கள், பாஸ்க் ஆண்களும் இதற்கு விலக்கில்லை. பிற்பாடு ரோமானியர், வட ஆப்பிரிக்கர் என்று அக்கம்பக்கத்தில் நடந்த கலப்புதான் இவர்களிடம் குறைவு.

அப்பா வழி மாறியும் மொழி எப்படித் தங்கியது? அம்மா வழியாக இருக்கலாம், அது என் ஊகம். தாராவியில் மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் அண்ணன் தம்பிக்குள் இந்தி பேசுகிறார்கள், தாத்தாவின் ரத்தம் அதனால் மாறிவிட்டதா என்ன?

ஒரு பாஸ்க்காரர் நிஜமாகவே தமிழோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கோவா போனால் போம் ஜீசஸ் பசிலிக்காவில் அவர் உடலைப் பார்க்கலாம், பிரனீஸ் பக்கத்து நவார் நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறை அனுபவத்தைப் பற்றி 1544இல் எழுதிய கடிதத்தில், இவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்கிறார் (தமிழைத்தான் அப்போது மலபார் என்றார்கள்). ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, மனப்பாடம் செய்துதான் ஒப்பித்தார்.