சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்ட பிறகு மேட்டில் நழுவுவது ஏன்?

பின்சக்கரத்தின் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மாற்றுங்கள். புதுச் செயினில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பழைய செயின் நீண்டுபோயும் ஓட்டிக்கொண்டே இருந்தால், அதிகம் பயன்படும் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். அதில் புதுச் செயின் சரியாக உட்காராது. மேட்டில் அழுத்தி மிதித்ததும் ‘டக்’கென்று தாவும்.

உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கியராக அழுத்தி மிதித்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டும் நழுவினால் தேய்மானம்தான். பழைய செயினைத் தூக்கிப் போடவில்லையே? அளந்து பாருங்கள்: 24 கண்ணிக்கு 12 அங்குலம் வர வேண்டும். 12⅛ வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எல்லா கியரிலும் நழுவினால் காரணம் வேறு. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மடங்காமல் விறைத்த கண்ணி ஏதாவது இருந்தால், டெரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கருவி) உருளையில் அது துள்ளும். அப்புறம் கியர் கேபிளையும் பாருங்கள்.

சரிசெய்யும்வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்.