வெளியூர்ப் பையன்களுக்கு வீடு விடலாமா?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் எனக்கு நான்கு அறை லைன் வீடு இருக்கிறது. ஒடிசா, பீகார் பையன்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள். வெளியாட்கள் வந்தால் குற்றம் கூடும், அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. வாட்ஸ்அப்பில் வீடியோவும் சுற்றுகிறது. விடலாமா?

பதில்: விடலாம். முதலில் அந்த அமெரிக்கக் கதையைப் பார்த்துவிடுவோம், அங்கே தெரியவந்தது கிட்டத்தட்ட நேர் எதிரானது.

டெக்சாஸில் கைதாகிறவரின் கைரேகை மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போய், அவர் முறையாகக் குடியேறியவரா என்ற விவரத்தோடு திரும்புகிறது. 2012 முதல் 2018 வரையிலான அந்தப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. அமெரிக்காவில் பிறந்தவர்கள் வன்முறைக்காகக் கைதாகும் விகிதம், ஆவணமின்றிக் குடியேறியவர்களின் விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில் நான்கு மடங்குக்கும் மேல். மறுப்பும் உண்டு: சிலருக்கு ஆவணம் இல்லை என்பது சிறைக்குப் போன பிறகுதான் தெரிகிறது, அதனால் கணக்கில் குறைகிறது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு மடங்கு இடைவெளியை அது புரட்டிப்போடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனி வேறு மாதிரி. 2023இல் அங்கே போலீஸ் பதிவு செய்த சந்தேக நபர்களில் சுமார் 41 சதவீதம் வெளிநாட்டவர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அதைவிட மிகக் குறைவு. வீடியோ போடுகிறவர்களுக்கு இது போதும். அனுமதியின்றி நுழைந்தது, தங்கியது மாதிரி குடியேற்றச் சட்ட வழக்குகளைக் கழித்தால் அது 34 சதவீதமாகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி வயதால் வருவது: வந்தவர்களில் இளம் ஆண்கள் அதிகம். எல்லாமே வயதால்தான் என்று சாதிக்கவும் முடியாது.

இந்த வயது விஷயம்தான் உங்கள் தெருவுக்கும் முக்கியம். பேச்சுக்கு ஒரு கணக்கு. உள்ளூர்க்காரர்கள் 1,000 பேர், அதில் இருபது முப்பது வயது ஆண்கள் 100. வெளியூர்த் தொழிலாளர்கள் 200, எல்லோருமே அந்த வயதுப் பையன்கள். ஒரு வருடத்தில் உள்ளூர் இளைஞர் 5 பேர் மீதும் வெளியூரார் 6 பேர் மீதும் வழக்கு. ஆயிரத்துக்கு 5, இருநூறுக்கு 6: வெளியூரார் ஆறு மடங்கு மோசம் என்று வீடியோ சொல்லும். பாட்டிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இளைஞர்களை மட்டும் ஒப்பிட்டால் உள்ளூர் 5 சதவீதம், வெளியூர் 3 சதவீதம். அதே வழக்குகள்தான்!

அப்புறம், ஒடிசாக்காரர் இந்தியக் குடிமகன். எங்கும் வசிக்க அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. குடியேற்றச் சட்டம் பற்றிய பேச்சே அவருக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அது ஆளின் குணத்தைச் சொல்லாது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, பாஸ்போர்ட் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிலை மாறியது, முகாமில் இருப்பது அதே ஆட்கள்தான்.

சரி, வீட்டு விஷயம். ஆதார் ஜெராக்ஸ் வாங்கி பீரோவில் வைத்தால் போதாது. அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து பெயரும் படமும் பொருந்துகிறதா பாருங்கள். கம்பெனி அடையாள அட்டை, அவர்களின் சொந்த ஊரில் ஒருவரின் போன் நம்பர் கட்டாயம். பெயர்ப் பட்டியலை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாடகைதாரர் விவரம் கேட்டு கலெக்டர் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163ஆவது பிரிவின் கீழ் உத்தரவு போட்டிருந்தால், கொடுக்காத வீட்டுக்காரர் மீதே வழக்கு வரும். கான்ட்ராக்டர் பெயரில் மொத்தமாக விடவே வேண்டாம். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே யார் தூங்குகிறார் என்று உங்களுக்கே தெரியாது.

அறைக்கு எத்தனை பேர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாளை தெருவிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் திருட்டைப் பற்றி இருக்காது. கக்கூஸ், தண்ணீர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் போன் பேச்சு, இவைதான்.