கம்ப்ரஸரின் கூட்டைக் கழற்றலாம், ஃபியூஸை மறக்கக்கூடாது

கேள்வி: காருக்கு வாங்கிய 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸரை நெடும்பயணத்தில் பைக்கில் கொண்டுபோக ஆசை. டப்பா பெரிதாக இருக்கிறது, பைக்கில் அதைச் சொருக சாக்கெட்டும் இல்லை. மாற்றியமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அந்த டப்பாவில் பெரும்பகுதி வெற்றிடம்தான். திருகுகளைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே கைக்கடக்கமான ஒரு மோட்டார், பல்சக்கரம், குட்டி சிலிண்டர், அதற்குள் ஓடும் பிஸ்டன். அவ்வளவுதான். விளக்கு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அழுத்தம் காட்டும் கேஜை எடுக்கும்போது நிதானம் வேண்டும். பல மாடல்களில் சிலிண்டர் தலையிலிருந்து டயருக்கு ஒரு குழாயும் கேஜுக்கு ஒரு குழாயும் பிரிந்து போகும். இரண்டாவதை வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் காற்றெல்லாம் அந்த வழியே போய்விடும், டயர் ஏறவே ஏறாது. அதில் பொருத்தமான போல்ட்டை நுழைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அழுத்தம் பார்க்கத் தனியாக ஒரு பேனா கேஜ் போதும்.

பலரும் கோட்டை விடுவது வயரிங்கில்தான். சிகரெட் லைட்டர் பிளக்கின் நுனியைத் திருகிப் பாருங்கள், பலவற்றில் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். பிளக்கை வெட்டினால் அந்தக் காவலும் போய்விடுகிறது. இந்த மோட்டார்கள் சாதாரணமாக 8 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜர் வயர் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்து, பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் கம்ப்ரஸர் பக்கம் இருந்தால், நடுவில் வயர் தேய்ந்து பைக் சட்டத்தில் படும்போது அது எதற்கும் உதவாது.

இன்ஜினைத் திறந்த வெளியில் ஓடவிட்டுக் காற்றடியுங்கள், பைக் பேட்டரி சிறியது. கம்ப்ரஸரை மண்ணில் வைக்காதீர்கள், காற்றோடு தூசியும் உள்ளே போய் பிஸ்டனைத் தின்னும். சுற்றும் பல்சக்கரத்துக்கு இப்போது மறைப்பு இல்லை, விரல் ஜாக்கிரதை. வால்வில் மாட்டும் பித்தளை முனையும் கொதிக்கும். அவசரத்தில் வெறுங்கையால் கழற்றி எனக்கு ஒருமுறை விரல் கொப்பளித்திருக்கிறது. அதனால் கம்ப்ரஸரோடு ஒரு துணிக் கையுறையும் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு டயரை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, திரும்ப ஏற்றிப் பாருங்கள். அப்போது வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வயர் மெல்லிசு, அல்லது எங்கோ இணைப்பு தளர்வு.