பெரியவர் ஓய்வு பெறுவதற்கு முன்

கேள்வி: கடலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவு நூலகத்தில் மூவர் பணிபுரிகிறோம். மூத்த நூலகர் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். எந்த அறிக்கை எங்கே இருக்கிறது, எந்தப் பொறியாளர் எதைத் தேடி வருவார் என்பதெல்லாம் அவர் நினைவில்தான் உள்ளன. எழுதித் தரும்படி கேட்டோம். இரண்டே பக்கம் தந்தார். என்ன செய்வது?
- வாசகர், கடலூர்

பதில்: இரண்டு பக்கத்துக்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். நாம் அறிந்திருப்பது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் எழுதினார். யாராவது வந்து கேட்கும்போதுதான் அந்த மிச்சம் வெளியே வரும். ஆகவே நாளை முதல் உங்களில் ஒருவர் அவர் பக்கத்தில் ஒரு நோட்டுடன் அமருங்கள். வந்தவர் என்ன கேட்டார், உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது எது, எங்கெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, கடைசியில் எங்கே கிடைத்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் எழுதுங்கள். கிடைக்காத இடங்களைப் பலரும் எழுதுவதில்லை; அடுத்தவரின் அரைநாளை மிச்சப்படுத்துவது அந்த வரிதான்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நூலகத்தில் அட்டவணை அட்டைகளைக் கணினியில் ஏற்றியபோது முன்பக்கத்தை மட்டும் பதிந்துவிட்டு, அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். பின்பக்கத்தில், ஓய்வு பெற்ற நூலகர் பென்சிலால் ‘7ஆம் தொகுதியோடு சேர்த்துத் தைக்கப்பட்டுள்ளது’ என்பதுபோல் குறித்து வைத்திருந்தவை அத்தோடு போயின. பிறகு கொதிகலன் அறிக்கை ஒன்றைத் தேடி நாங்கள் மூன்று நாள் அலைந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. உங்களிடம் பழைய அட்டைகள் இருந்தால் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது போனோடு போய்விடும். நோட்டில் உள்ளதை வாரம் ஒருமுறை, மூவரும் திறக்கக்கூடிய ஒரே கோப்பில் பொருள்வாரியாக ஏற்றுங்கள்.

அவரோடு ஒருநாள் அலமாரி அலமாரியாக நடந்து வாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த கடற்கரை நம்முடையது. எந்தச் சுவரில் ஓதம் ஏறும், மழைக்கு முன் எந்த அடித்தட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நூலகம் வளரும் உயிரி என்று 1931இல் வெளியான தம் நூலில் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நம் பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர். மார்ச்சுக்குப் பிறகும் அந்த நோட்டு அதே மேசையில் இருக்கட்டும். அடுத்து எழுத வேண்டியவர் நீங்கள்.